வெள்ளையண்ணனுக்கு யார் பொறுப்பு

பலா பழுக்கும் மாதத்தில் கொல்லிமலையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த வாசம்தான் முதலில் வந்து வாங்க என்று கூப்பிடும். போன வருடம் எங்கள் வீட்டு மூலையில் பழங்கள் பழுத்து வெடித்துக் கிடந்தன. எனக்கு வாசம் ஒன்றும் தெரியவில்லை. சளி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் அடுப்பில் பால் வற்றிப் பாத்திரமே கருகிக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளி உட்கார்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவில்லை. வெளியே ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த என் அண்ணன்தான், "பாப்பா, தீயுது! தீயுது!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

அண்ணன் பெயர் வெள்ளையன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிறந்தபோது மூச்சு வராமல் நீலம் பாரித்துக் கிடந்ததாக அம்மா சொல்வாள். அதனால் மூளை வளர்ச்சி நின்றுபோனது. அவருக்கு ஆடு மேய்க்கத் தெரியும், தண்ணீர் சுமக்கத் தெரியும், யார் வீட்டில் கறிக்குழம்பு என்று தெரியும். ரூபாய் நோட்டு தெரியாது. ரோட்டைத் தாண்டத் தெரியாது. கூட்டமும் சத்தமும் சேர்ந்தால் பயந்து கையை ஓங்கிவிடுவார். ஊரில் பலர் அவரை 'அவன்' என்றுதான் பேசுவார்கள். என்னைவிட மூத்தவர், நான் 'அவர்' என்றுதான் எழுதுவேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என் வீட்டில்தான் இருக்கிறார். வீடு என்றால் என் கணவர் செல்வராசு கட்டிய வீடு. மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்போம். ஆலத்தூர் நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மரவள்ளிக் காடு உண்டு. அப்பாவின் மிளகுக் காடு அண்ணன் பெயரில் இருக்கிறது. அதையும் என் கணவர்தான் பார்க்கிறார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். கை இழுத்தது. அவ்வளவுதான் நினைவு. வலிப்பு வந்து விழுந்திருக்கிறேன். அண்ணன் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அழாமல், "மாப்ள! மாப்ள!" என்று மட்டும் விடாமல் கூப்பிட்டிருக்கிறார். மாப்ள என்பது என் கணவர். அவர் அடுத்த வரப்பிலிருந்து ஓடிவந்தார்.

மலையைவிட்டு ஆம்புலன்சில் இறங்கியபோது ஒவ்வொரு வளைவிலும் என் மகள் கவிதாவுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தார் என் கணவர். அவளைக் கட்டிக்கொடுத்தது அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில். சிக்னல் கிடைப்பதும் போவதுமாக இருந்தது. கடைசியில் லைன் கிடைத்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. நான்தான் போனை வாங்கி, "ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா மயக்கம், நீ பதறாதே" என்றேன்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் முதலில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு சேலத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே காந்த ஸ்கேன். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து அசையாதே என்பார்கள். காந்தம்தான் வேலை செய்கிறது, உடம்பில் எதுவும் படுவதில்லை. சத்தம் மட்டும் லாரியில் ஜல்லி கொட்டுவது போலக் காதைப் பிளக்கும். போகிறவர்கள் பயப்பட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் முடிந்துவிடும்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவைத்து என்னையும் என் கணவரையும், பதறி ஓடிவந்திருந்த கவிதாவையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தேங்காய உடைச்சா ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவுல ஒரு தோல் இருக்கில்லீங்களா? மூளையைச் சுத்தியும் அப்படி ஒரு உறை இருக்கு. அந்த உறையிலதான் கட்டி வந்திருக்கு. மூக்கு நரம்பு மேல உக்காந்து அழுத்துது. அதான் உங்களுக்கு வாசம் போயிருச்சு. இன்னும் பெருசானா கண்ணும் போகும்."

"புத்துங்களா?" என்று கேட்டார் என் கணவர்.

"இந்த எடத்துல வர்ற கட்டி பெரும்பாலும் புத்தா இருக்காதுங்க. ஆனா எடுத்து, பரிசோதனை பண்ணித்தான் உறுதியாச் சொல்ல முடியும். பெரிய ஆபரேஷன். ரத்தக் கசிவு வரலாம், வீக்கம் வரலாம். மறைக்கலை."

காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவு எங்களை நசுக்கவில்லை. அந்தக் கவலை குறைந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. நான் எழுந்திருக்கவில்லை என்றால்? எனக்குச் சாவு பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கண்ணை மூடினால் என் முகம் வராது. நான் வருவேன் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அண்ணன் முகம்தான் வரும்.

ஆபரேஷனுக்கு முறை வருவதற்காகப் பெண்கள் வார்டில் காத்திருந்தேன். கவிதா மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்து கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். என் கணவர் ஆட்டையும் அண்ணனையும் பார்க்க மலைக்கும், என்னைப் பார்க்கச் சேலத்துக்குமாக அலைந்தார். மலையில் இருக்கும் நாளில் பொழுது சாய்ந்ததும் போன் போடுவார். "மச்சான் கிட்ட குடுக்கறேன்" என்பார். அண்ணனுக்குப் போனில் பேசத் தெரியாது. மூச்சு மட்டும் கேட்கும். நான் பேசப் பேச அந்த மூச்சு வேகமாகும். சாப்டியா, குளிச்சியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ரேவதி என்று ஒரு மேடம் இருந்தார். மருந்து கொடுப்பவர் அல்ல. நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களைக் கேட்டு வழி சொல்லும் சமூகப் பணியாளர். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஊட்ல யாரெல்லாம் இருக்காங்கக்கா?" என்று கேட்டார். அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணனுக்கு கார்டியன் யாருக்கா?"

"நாந்தானுங்க."

"யாரு சொன்னா?"

எனக்குக் கோபம் வந்தது. "யாரு சொல்லோணும்? அம்மா சாகையில என் கையில புடிச்சுக் குடுத்தா. அன்னிலேருந்து நாந்தான் பாக்கறேன்."

அவர் பொறுமையாகச் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றோர்தான் பாதுகாவலர். அதற்கு யாரிடமும் போய் எழுதி வாங்க வேண்டியதில்லை. பதினெட்டு வயது தாண்டிவிட்டால் சட்டத்தின் கண்ணில் எல்லாரும் தனி ஆள். தானாக முடிவு எடுக்க முடியாதவராக இருந்தாலும் அப்படித்தான். பெற்ற அம்மாவாக இருந்தாலும் அவருக்காகக் கையெழுத்துப் போட அதிகாரம் தானாக வந்துவிடாது. அண்ணனைப் போல மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் சம்மதித்து மனுக் கொடுக்க வேண்டும். குழு விசாரித்து, தேவை இருந்தால் நியமிக்கும்.

"இப்ப உங்கண்ணனுக்கே ஒரு ஆபரேஷன்னு வெச்சுக்குங்க. யாரு கையெழுத்துப் போடறது? அவரு காட்டுக்கு ஒரு பிரச்சினை வந்தா யாரு ஆபீஸ்ல நிக்கறது? இவ்வளவு நாள் நீங்க நின்னீங்க, யாரும் கேக்கலை. நீங்க இல்லாத நேரத்துக்கு ஒரு ஆளு வேணும்கா. யாரைச் சொல்வீங்க?"

கவிதா உடனே, "நான் பாத்துக்கறேன்மா" என்றாள். நான் வேண்டாம் என்றேன். வாழப்போன இடத்தில் அவளுக்கே இன்னும் ஒரு பெட்டி வைக்க இடமில்லை.

மீதி இருந்தது ஒரே ஆள். ஆனால் அந்த ஆளிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அண்ணனைப் பற்றி அவர் ஒரு குறை சொன்னதில்லை. நல்லதும் சொன்னதில்லை. அண்ணன் கைபட்டு ரேடியோ உடைந்த நாளில் எழுந்து வெளியே போனார், திரும்பி வந்து சாப்பிட்டார், அவ்வளவுதான். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடுமே.

அடுத்த முறை வந்தபோது கேட்டே விட்டேன்.

"ஏனுங்க, எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா, அண்ணனுக்கு நீங்க கார்டியனா இருப்பீங்களா? சட்டப்படி எழுதி வாங்கோணுமாம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டார்.

"டீ குடிச்சுட்டு வாரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

திரும்பி வந்தபோது எனக்கு இட்லி வாங்கி வந்திருந்தார். நான் தொடவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் மலைக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் நான் பட்ட வலிகளிலெல்லாம் அந்த இரண்டு நாள்தான் பெரிது. கவிதாவிடம்கூடச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா, "ஏன் கண்ணு, தலவலியா?" என்று கேட்டபோது ஆமாங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவர் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அண்ணன் பஸ்சில் வந்து பழக்கமில்லாதவர். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்திருக்கிறார். சட்டை மாற்றி, தலை சீவி, நெற்றியில் திருநீறு இட்டுக் கூட்டி வந்திருந்தார் என் கணவர். வார்டுக் கூட்டத்தைப் பார்த்ததும் அண்ணன் கையை ஓங்கப் போனார். ஆனால் என் கணவர் அவர் முன்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கையாலும் அவர் காதுகளை மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்ல மச்சான், பாப்பாவப் பாரு, பாப்பாவ மட்டும் பாரு" என்று நடத்திக்கொண்டே வந்தார். அப்படிச் செய்ய அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் இதுவரை பார்த்ததில்லை. நான் வீட்டில் இருந்தவரை அதற்கு அவசியம் வந்ததில்லை போலிருக்கிறது.

அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். ரேவதி மேடமும் வந்தார். அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். என்னிடம் அல்ல, மேடத்திடம்.

"நான் மாட்டேன்னு சொல்லலீங்க. இவ அப்படித்தான் நெனச்சுட்டுப் படுத்திருப்பா. மச்சான் பேர்ல காடு இருக்குதுங்க. நான் கார்டியன்னு எழுதி வாங்கினா ஊர்ல என்ன சொல்லுவாங்க? பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்கறா, இவன் மச்சான் காட்டை முழுங்கறான்னு சொல்லுவாங்க. நாளைக்கு இவளுக்கு நல்லாகி வந்தாலும் அந்தப் பேரு என்னை விட்டுப் போகுமுங்களா?"

மேடம் சிரித்தார். "அண்ணா, கார்டியன் ஆனா காடு உங்களுது ஆகாது. அவருக்கு என்னென்ன இருக்குன்னு நீங்க குழுவுக்கு எழுதிக் கொடுக்கணும். வருசா வருசம் கணக்குக் காட்டணும். சரியாப் பாத்துக்கலைன்னு யாராவது புகார் குடுத்தா விசாரிச்சு உங்களை எடுத்துருவாங்க. இது உரிமை இல்லீங்க, வேலை."

"கணக்குக் கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"அப்பச் சரிங்க." அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "கேக்கறதுக்கு ஆளு இருந்தா எனக்கும் நல்லதுதான். ஊர் வாய்க்கு அவங்களே பதில் சொல்லிக்கட்டும்."

பிறகு என்னைப் பார்த்து, "ஏம்புள்ள, வாயில கேட்டா வாயில சொல்லியிருப்பேன். சட்டம் கிட்டம்னு கேட்டே, ரோசிக்க வேண்டாமா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு அடைத்துக்கொண்டது. கவிதா, "ஏப்பா, அத அன்னிக்கே சொல்லிட்டுப் போனா என்ன?" என்று சண்டை பிடித்தாள்.

அண்ணனிடம் ஊனச் சான்று முன்னமே இருந்தது. மனு எழுதுவதை மேடம் சொல்லிக் கொடுத்தார். என் கணவர் நாமக்கல் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்றார்கள். அதற்குள் என் முறை வந்துவிட்டது.

தலைமுடியை எடுத்தபோது கவிதா அழுதாள், நான் அழவில்லை. மயக்கம் கொடுக்கும் டாக்டர் வந்து, "நீங்க மயக்கத்துல இருக்கறப்ப அவசரமா ஒரு முடிவு எடுக்கணும்னா யாரைக் கேக்கட்டும்?" என்றார். நான் என் கணவரைக் காட்டினேன். தள்ளுவண்டியில் போகும்போதுதான் புரிந்தது: கொஞ்ச நேரத்துக்கு நானும் அண்ணன் நிலைமைதான். என் உடம்பைப் பற்றி வேறொருவர் பேசுவார், வேறொருவர் சரி என்பார்.

கொஞ்ச நேரம் என்று நினைத்தது நாட்கணக்காக நீண்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கட்டி இருந்த இடத்தைச் சுற்றி மூளை வீங்கியது. கட்டியை எடுத்த பிறகு சிலருக்கு இப்படி வருமாம், மருந்தில் வடியுமாம். அதுவரை புத்தி தடுமாறும். வார்டுக்குள் ஆடு புகுந்துவிட்டது என்று நான் கத்தினேனாம். மூக்கில் இருந்த குழாயைப் பிடுங்கினேனாம். அதனால் கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். இதில் பாதி கவிதா சொல்லித் தெரிந்தது. மீதி எனக்கே துண்டு துண்டாக நினைவிருக்கிறது. நான் அங்கே இருக்கும்போதே என் தலைக்கு மேலே என்னைப் பற்றிப் பேசினார்கள். "அவங்க சாப்ட்டாங்களா?" "அவங்களைத் திருப்பிப் போடு." நான் இருக்கிறேன், என்னைக் கேளுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு நர்ஸ் மட்டும் ஒவ்வொரு முறையும், "அக்கா, ஊசி போடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவாள். நான் பதில் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்சம் நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போடுவாள். அந்தக் குரல் வந்தால் என் உடம்பு தளர்ந்து கொடுக்கும். என் கணவர் கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "குழாயப் புடுங்காம நான் பாத்துக்கறனுங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்தபடி கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நர்ஸ் மாறினாலும் அவர் மாறவில்லையாம். மலையில் அண்ணனையும் ஆட்டையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்களாம்.

அந்த நாட்களில் நான் அண்ணனைப் பற்றித்தான் நினைத்தேன் என்று சொல்ல முடியாது, ஒன்றையும் நினைக்கும் நிலையில் இல்லை. தெளிந்த பிறகுதான் யோசித்தேன். சோறு போட்டேன், துணி துவைத்தேன், காய்ச்சலில் விழித்திருந்தேன். அண்ணா, உனக்கு எது வேணும் என்று நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்? எனக்குத் தெரியும் என்றே இருந்துவிட்டேன்.

வீக்கம் வடிந்தது. தையல் பிரித்தார்கள். பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் கதவருகிலிருந்தே கையை ஆட்டி, "புத்து இல்லீங்க!" என்றார். பக்கத்துக் கட்டில் அம்மா கும்பிட்டாள். கவிதா ஓடிப்போய் வார்டு முழுக்க மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். என் கணவர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். கொஞ்சம் கழித்துத் தோள் குலுங்குவது தெரிந்தது.

வாசம் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பவுமில்லை. குழம்பு எனக்கு இப்போது சூடும் உப்பும் உறைப்பும்தான். கண் பிழைத்தது, உயிர் பிழைத்தது, போதும். வலிப்பு மாத்திரை மட்டும் இரண்டு வேளை போட வேண்டும்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணன் புதிதாக ஒரு வேலை எடுத்துக்கொண்டார். நான் அடுப்பருகே போனால் கூடவே வந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுவார். தீயாதபோதும், "தீயுது பாப்பா" என்பார். மாத்திரை போடும் நேரத்தில் தண்ணீர் எடுத்து வந்து, நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நகர மாட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று நர்ஸ் என்னை அப்படி வாயைத் திறந்து காட்டச் சொன்னதைப் பார்த்து வைத்திருக்கிறார். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

தை பிறந்த பிறகு நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு நீளமான மேசை. நடுவில் கலெக்டருக்குப் பதிலாக ஒரு அதிகாரி, ஒரு பக்கம் தொண்டு நிறுவனத்து அம்மா, மறுபக்கம் குழுவில் உறுப்பினராக இருக்கும் ஒரு மாற்றுத்திறனாளி. அவருடைய ஊன்றுகோல் நாற்காலியில் சாய்ந்திருந்தது. என் கணவர் அண்ணன் காதுகளை மூடியபடியே உள்ளே கூட்டி வந்ததை மூவரும் பார்த்தார்கள்.

அதிகாரி மனுவைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார். "உங்களுக்கு உடம்பு சரியில்லாதப்ப உங்க வீட்டுக்காரர் மனு போட்டிருக்காரு. இப்ப நீங்க நல்லாயிட்டீங்க. கூடப் பொறந்தவங்க. நீங்களே கார்டியனா இருக்கலாமே?"

நானே இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்போது ஊன்றுகோல்காரர், "கொஞ்சம் இருங்க சார்" என்றார். நாற்காலியைச் சிரமப்பட்டு நகர்த்தி அண்ணனுக்கு நேராக உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்க பேரென்ன?"

"வெள்ளையன்."

"வெள்ளையண்ணே, உங்களைப் பாத்துக்க ஒரு ஆளு வேணும். உங்களுக்கு யாரு வேணும்? நீங்க சொல்லுங்க."

அண்ணனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவர் என் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கு மாப்ள."

எனக்குச் சுருக்கென்றது. அது ஒரு நொடிதான். அண்ணன் இன்னும் முடிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, முடி இன்னும் சரியாக வளராத என் தலையில் கையை வைத்தார்.

"பாப்பாவுக்கு நானு."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். தொண்டு நிறுவனத்து அம்மா கண்ணாடியைக் கழற்றினார். என் கணவர், "அப்படித்தானுங்க, அவருதான் இவளைப் பாத்துக்கறாரு" என்றார், சிரிக்காமல்.

ஊன்றுகோல்காரர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதங்களாம்மா?"

நான் எழுந்து நின்றேன்.

"சம்மதமுங்க" என்றேன்.